பாப்பாவ ஏன் கடைசி வரிசையில போட்டாங்க?

இந்த தடவை எடுத்துக்கிட்ட கடிதம் நம்ம சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல இருக்கிற ஒரு அப்பா எழுதினது. யாருன்னு தெரியாம இருக்க சில விவரத்தை மட்டும் மாத்தியிருக்கேன், மத்ததெல்லாம் அவர் சொன்னபடிதான்.

வேர்ஹவுஸ்ல நைட் ஷிஃப்ட் பாக்கிறவர். ஒரே மக, பிரைமரி ஃபோர். வீட்டுல பாப்பான்னு கூப்பிடுறாங்க, நானும் அப்படியே சொல்றேன். ஜனவரியில ஸ்கூல் திறந்ததுல இருந்து பாப்பாவுக்குப் பின்பக்கம்தான் இடம். டேர்ம் மாறும்போது டீச்சர் எல்லாரையும் மாத்தி உட்கார வைக்கிறாங்களாம், ஆனா இவ மட்டும் கடைசிக்கு முந்தின வரிசையில இருந்து கடைசி வரிசைக்குப் போனதுதான் மிச்சம். ரெண்டு பக்கமும் ரெண்டு பசங்க, நடுவுல இவ. வகுப்புல 38 பிள்ளைங்க, அதுல இந்தியப் பிள்ளைங்க மூணு பேரு, "மூணு பேரையும் மூணு மூலையில போட்டிருக்காங்க மேடம், இது தற்செயலா?"ன்னு கேக்கிறார். இங்கிலீஷ், மேத்ஸ் ரெண்டுலயும் மார்க் இறங்கியிருக்கு. வருசக் கடைசிப் பரீட்சையைப் பொறுத்துத்தான் அஞ்சாம் வகுப்புல எந்தப் பாடம் வழக்கமான ஸ்டாண்டர்ட், எது கொஞ்சம் சுலபமான ஃபவுண்டேஷன்னு ஸ்கூல் சொல்லுங்கிறதால அவருக்குப் பயம். அவர் மனைவி "சும்மா விடுங்க, டீச்சர்கிட்ட போய் சண்டை போட்டா பிள்ளையைத்தான் பழி வாங்குவாங்க"ங்கிறாங்களாம். இவரோ கல்வி அமைச்சுக்கு மெயில் ஒண்ணு டைப் பண்ணி வச்சிருக்கார், ஃபேஸ்புக்ல போடவும் ஒண்ணு ரெடி. கிளாஸை போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு வான்னு பாப்பாகிட்ட சொல்லியிருக்கார், அவ பயந்துக்கிட்டு போட்டோ எடுக்காம, ஸ்பெல்லிங் பேப்பர் பின்னாடி பென்சில்ல வகுப்பை வரைஞ்சு கொடுத்திருக்கா. அதையும் கடிதத்தோட இணைச்சிருந்தார்.

கடிதத்தைவிட அந்தப் படத்தைத்தான் நான் ரொம்ப நேரம் பாத்தேன்.

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ராத்திரி முழுக்க வேலை பாத்துட்டு வந்து தூங்காம நாலு பக்கம் எழுதியிருக்கீங்க, இது சின்ன விஷயம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. ஒரு நாளைக்கு அஞ்சு ஆறு மணி நேரம், வருசத்துல நாப்பது வாரம் ஒரு பிள்ளை உட்கார்ற இடம் அது. நம்ம ஆபீஸ்ல ஏர்கான் தலைக்கு நேரா இருந்தாலே நாம எத்தனை தடவை புலம்புறோம். அதனால நீங்க கவலைப்படுறது சரிதான், ஆனா நீங்க கவலைப்படுற இடம்தான் கொஞ்சம் தள்ளி இருக்குன்னு எனக்குத் தோணுது.

"கடைசி வரிசை, அதனாலதான் மார்க் போச்சு"ன்னு எழுதியிருக்கீங்க. இதுல பாதி உண்மை இருக்கு. ஆடம்ஸ், பிடில்னு ரெண்டு ஆய்வாளர்கள் வகுப்பறைகளை வீடியோ எடுத்துப் பாத்து 1970ல ஒரு விஷயம் சொன்னாங்க. டீச்சருக்கும் பிள்ளைங்களுக்கும் நடக்கிற பேச்செல்லாம் வகுப்பு முழுக்கப் பரவலா நடக்கிறதில்ல, முன்னாடி நடுப்பகுதியும், அங்க இருந்து நேரா பின்னாடி போற நடுப்பட்டையும்தான் அதிகமா வாங்கிக்குது, ஓரத்துல இருக்கிறவங்களுக்கு சிந்தினதுதான். அதுக்கப்புறம் வேற ஆளுங்க பண்ணின ஆய்வுலயும் இது மாதிரியே வந்திருக்கு. அப்போ நல்லா கவனிங்க, விஷயம் வெறும் முன்னாடி பின்னாடி இல்ல, ஓரமா நடுவாங்கிறதும் சேர்ந்தது. முன்வரிசையோட மூலையும் ஒரு ஓரம்தான். எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா டீச்சர்கிட்ட மல்லுக்கட்டி மகளை முன்வரிசைக்குக் கொண்டு வந்தாங்க, இடம் எங்க கிடைச்சதுன்னா டீச்சர் மேசையை ஒட்டின இடது மூலை. புரொஜெக்டர் ஸ்கிரீனை சாய்ச்சுப் பாத்துப் பாத்து பிள்ளைக்குக் கழுத்து வலி, டீச்சரோ நடு வகுப்பைப் பாத்துப் பாடம் நடத்துறாங்க, இவ தலைக்கு மேலயே பேச்சு போகுது. ரெண்டு மாசத்துல அந்த அம்மாவே போய் "பழைய இடத்துக்கே மாத்திடுங்க"ன்னு கேட்டாங்க.

இன்னொண்ணு, நல்லா படிக்கிற ஆர்வமுள்ள பிள்ளைங்க தானாவே முன்னாடி போய் உட்காருவாங்க, அப்புறம் நாம "முன்னாடி உட்கார்ந்ததால நல்லா படிக்கிறாங்க"ன்னு சொல்லிக்குவோம். எது காரணம் எது விளைவுன்னு பிரிக்கிறது கஷ்டம். பிசிக்ஸ்ல நோபல் வாங்கின கார்ல் வீமன்னு ஒருத்தர், அவரும் இன்னொரு ஆசிரியரும் சேர்ந்து அமெரிக்காவுல ஒரு யுனிவர்சிட்டி வகுப்புல மாணவங்களுக்கு இவங்களாவே இடம் ஒதுக்கிப் பாத்தாங்க, பாதி டேர்ம் முடிஞ்சதும் முன்னாடி இருந்தவங்களைப் பின்னாடியும் பின்னாடி இருந்தவங்களை முன்னாடியும் மாத்தினாங்க. ஆரம்பத்துல பின்னாடி உட்கார்ந்தவங்க கடைசி வரைக்கும் கொஞ்சம் பின்தங்கித்தான் இருந்தாங்கன்னு 2005ல எழுதினாங்க. ஆனா அது பெரிய லெக்சர் ஹால், வளர்ந்த பிள்ளைங்க. அதை எடுத்துட்டு வந்து பிரைமரி ஃபோர் வகுப்புல ஒட்ட முடியாது. உங்க பாப்பாவோட கடைசி வரிசை டீச்சர்கிட்ட இருந்து அஞ்சாவது வரிசை, அவ்வளவுதான்.

சரி, படத்துக்கு வரேன்.

அஞ்சு வரிசை போட்டிருக்கா. முதல் நாலு வரிசையில ரெண்டு ஓரத்துலயும் மூணு மூணு மேசை ஒட்டி இருக்கு, நடுவுல ரெண்டு மேசை ஜோடியா. கடைசி வரிசையில மட்டும் நடு ஜோடி இல்ல, ஓரத்துல மூணு மூணுதான். ஜன்னல் பக்க மூணுல நடு மேசை இவளோடது, அதுக்கு மட்டும் மஞ்சள் கலர் அடிச்சிருக்கா. 38 கட்டத்துல பேர் எழுதியிருக்கிறது ஒன்பதுல. அவளோட இடது பக்கப் பையன் கட்டத்துல பேருக்குப் பதிலா "ரெட் பாட்டில்"னு எழுதியிருக்கா. அரை வருசமா ஒரே கிளாஸ்ல இருக்கிற பையன், டீச்சர் தினமும் பேர் சொல்லிக் கூப்பிடுற பையன், இவளுக்குப் பேர் தெரியாம இருக்க வாய்ப்பில்ல. ஆனா இவளுக்கு அவன் ஒரு தண்ணி பாட்டில். (உடனே பெரிசா எடுத்துக்காதீங்க. எழுதிக் கை வலிச்சு விட்டுட்டாளோ என்னமோ, பிள்ளைங்க படத்துல எல்லாத்தையும் தேடிக் கண்டுபிடிக்கிற கவுன்சிலர்களைப் பாத்தா எனக்கே சிரிப்பு வரும்.)

ஆனா இதோட சேர்த்து நீங்க போறபோக்குல எழுதின ரெண்டு வரி இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு முக்கியமாப் படுது. ஒண்ணு, "டீச்சர் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசுன்னு சொன்னா நான் ஃபைல் அடுக்குவேன்"னு பாப்பா சொன்னது. இன்னொண்ணு, பேரண்ட் டீச்சர் மீட்டிங்ல தமிழ் டீச்சர் "உங்க மக ஒரு வாயாடி"ன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னது. நீங்க அதை மரியாதைக்குச் சொன்னதா நினைச்சிட்டு அடுத்த பாராவுக்குப் போயிட்டீங்க.

ஒரே பிள்ளை, ஒரே ஸ்கூல், ஒரே நாள். ஒரு ரூம்ல ஃபைல் அடுக்குறா, இன்னொரு ரூம்ல வாயாடி. அப்போ பிள்ளைகிட்ட குறை இல்ல. ரெண்டு ரூம்லயும் என்ன வித்தியாசம்னு பாருங்க. தமிழ் வகுப்பு பெரும்பாலும் சின்ன வகுப்பு, நாலஞ்சு கிளாஸ்ல இருந்து பிள்ளைங்களைச் சேர்த்தாலும் ஒரு கை விரல், ரெண்டு கை விரல் கணக்குக்கு மேல கொஞ்சம்தான் வரும், மேசையை ப வடிவத்துல போட்டு நடுவுல டீச்சர் நிப்பாங்க, ஒளிஞ்சிக்க இடமே கிடையாது. ஜெர்மனியில நாலாம் வகுப்புப் பிள்ளைங்களை வச்சுப் பாத்தப்போ, வரிசையில உட்கார வச்சதைவிட அரை வட்டமா உட்கார வச்சப்போ பிள்ளைங்க அதிகமா கேள்வி கேட்டாங்கன்னு 1999ல ஒரு ஆய்வு வந்துச்சு. நம்ம தமிழ் டீச்சருங்க அந்த ஆய்வையெல்லாம் படிச்சிட்டு மேசையைப் போடல, பிள்ளைங்க எண்ணிக்கை அதுக்கு இடம் கொடுக்குது, அவ்வளவுதான்.

ஃபார்ம் கிளாஸ்ல, அதாவது 38 பேரு இருக்கிற அவளோட சொந்த வகுப்புல, அது முடியாது. பிரைமரி ஒன், டூவுல 30 பேரு அளவுல இருக்கிற வகுப்பு, மூணாவதுல இருந்து 40 பேரு அளவுக்குப் போயிடுது. அந்த மாற்றத்துல சத்தம் போடாம காணாமப் போற பிள்ளைங்க எப்பவும் கொஞ்சம் பேரு இருப்பாங்க, அமைதியான பிள்ளைங்க, சொன்ன வேலையைச் செய்யற பிள்ளைங்க. டீச்சருக்கு அவங்களால எந்தத் தொல்லையும் இல்ல, அதனாலயே அவங்க கண்ணுல படுறதில்ல.

இங்கதான் நான் உங்ககிட்ட ஒரு உள்வீட்டு ரகசியத்தைச் சொல்லணும். ஸ்கூல்ல நான் வேலை பாத்த வருசங்கள்ல இதை நிறைய பாத்திருக்கேன். வளவளன்னு பேசுற ரெண்டு பசங்களைப் பிரிக்கணும்னா டீச்சர் என்ன பண்ணுவாங்க? நடுவுல ஒரு அமைதியான பொம்பளைப் பிள்ளையைக் கொண்டு போய் உட்கார வைப்பாங்க. தடுப்புச் சுவர் மாதிரி. யாரையும் கேவலப்படுத்தணும்னு பண்றதில்ல, பல தடவை அந்தப் பிள்ளை மேல இருக்கிற நம்பிக்கையிலதான் பண்றாங்க. ஆனா அந்தச் சுவருக்கும் காது இருக்கு, மனசு இருக்கு. உங்க பாப்பா ரெண்டு டேர்மா சுவரா இருந்திருக்கான்னுதான் நான் நினைக்கிறேன். பசங்க ரெண்டு பேரும் இவ முதுகுக்குப் பின்னாடி சாய்ஞ்சு மாண்டரின்ல பேசிக்கிறாங்க, டீச்சர் "பார்ட்னர்கிட்ட பேசுங்க"ன்னு சொன்ன உடனே அவங்க ரெண்டு பேரும் ஜோடி சேர்ந்துடறாங்க. மூணு பேரு உட்கார்ற மேசையில ஜோடி போட்டா ஒருத்தர் மிச்சம். அந்த மிச்சம் நாள் முழுக்க யாருன்னு டீச்சருக்கே தெரியாம இருக்கலாம், 38 பேரும் ஒரே நேரத்துல பேசற சத்தத்துல ஒருத்தி ஃபைல் அடுக்குறது எங்க தெரியப் போகுது.

அப்போ இது இனப் பாகுபாடு இல்லையான்னு கேப்பீங்க.

நான் உடனே "சேச்சே, அப்படியெல்லாம் இருக்காது"ன்னு சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்றவங்களைக் கேட்டுக் கேட்டு நாம எல்லாருமே சலிச்சுப் போயிருக்கோம். ஆனா மூணு மூலையில மூணு இந்தியப் பிள்ளைங்கங்கிறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஒரே இனப் பிள்ளைங்க ஒண்ணாவே ஒட்டிக்கிட்டு இருக்கக் கூடாது, எல்லாரோடயும் பழகணும்னு நினைச்சு வேணும்னே பிரிச்சுப் போடுற டீச்சருங்க இங்க நிறைய பேரு. எண்ணம் நல்ல எண்ணம். ஆனா மூணே பேரு இருக்கிற கூட்டத்தைப் பிரிச்சா என்ன ஆகும்? மூணு தனி ஆளு கிடைக்கும். பக்கத்துல உட்கார வச்சா பழகிடுவாங்கன்னு ஒரு நம்பிக்கை, அது பாதி தூரம்தான் வேலை செய்யும். 1971ல அமெரிக்காவுல டெக்சஸ் மாநிலம் ஆஸ்டின்ல கறுப்பு, வெள்ளை, லத்தீன் பிள்ளைங்களை ஒரே பள்ளியில சேர்த்தப்போ தினமும் உரசல். எலியட் ஆரன்சன்ங்கிற உளவியல் பேராசிரியரைக் கூப்பிட்டாங்க. அவர் பிள்ளைங்களைச் சின்னக் குழுவாப் பிரிச்சு, பாடத்தை ஆளுக்கு ஒரு துண்டாக் கொடுத்தார். ஒருத்தன்கிட்ட இருக்கிறது இன்னொருத்தனுக்குத் தெரியாது, அவன்கிட்ட கேட்டாத்தான் பாடம் முழுசாகும். அப்போதான் பிள்ளைங்க ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேக்க ஆரம்பிச்சாங்க. பக்கத்துல உட்காரணும், அதோட ஒருத்தருக்கு ஒருத்தர் தேவைப்படணும். உங்க பாப்பா பக்கத்துல இருக்கிற பசங்களுக்கு இவ தேவையே படல, அதுதான் பிரச்சினை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாப் பிரிச்சிக்குங்க. ரெண்டு பசங்க இவ புரிஞ்சிக்க முடியாத மொழியில பேசி இவளை ஒதுக்குறது வலிக்கிற விஷயம், டீச்சர் தலையிட்டுத் திருத்த வேண்டிய விஷயம். நிறத்தைச் சொல்லியோ, எண்ணெய் வாசனை, சாப்பாட்டு வாசனைன்னு சொல்லியோ யாராவது கிண்டல் பண்ணியிருந்தா அது வேற கதை, அதுக்கு இடம் மாத்துறது பதில் இல்ல, அன்னைக்கே ஸ்கூலுக்குச் சொல்லணும், எழுத்துல சொல்லணும். பாப்பாகிட்ட கேளுங்க. ஆனா "உன்னை யாராவது இந்தியன்னு கிண்டல் பண்றாங்களா?"ன்னு கேக்காதீங்க, பதிலை நீங்களே ஊட்டிவிட்ட மாதிரி ஆயிடும். "ரெட் பாட்டில் இன்னைக்கு என்ன சொன்னான்?"னு கேளுங்க, அவளே சொல்லுவா.

முதல்ல கண்ணு

டீச்சர்கிட்ட போறதுக்கு முன்னாடி இதை முடிச்சிடுங்க. ஹேண்ட்புக்ல வீட்டுப்பாடம் பக்கம் 31ங்கிறதை 37ன்னு ரெண்டு தடவை எழுதியிருக்கா, தேதியும் தப்பு, "கவனமே இல்ல"ன்னு திட்டியிருக்கீங்க. எனக்கென்னவோ அது கவனக்குறைவா தெரியல, கண்ணு சரியாத் தெரியாததாப் படுது. "போர்டு தெரியுதா?"ன்னு கேட்டா எந்தப் பிள்ளையும் தெரியுதுன்னுதான் சொல்லும், மங்கலாத் தெரியறதுதான் எல்லாருக்கும் தெரியற மாதிரின்னு நினைச்சிட்டு இருக்கும். கண்ணாடி போட்ட அன்னைக்குத்தான் மரத்துல தனித்தனி இலை இருக்குன்னு கண்டுபிடிச்ச பிள்ளைங்க எத்தனை பேரு. நம்ம ஊர்ல பிரைமரி முடிக்கிறதுக்குள்ள பாதிக்கு மேல பிள்ளைங்களுக்குக் கிட்டப்பார்வை வந்துடுது. ஸ்கூல்ல வருசா வருசம் கண் பரிசோதனை நடக்கும், அதுல ஏதாவது தெரிஞ்சிருந்தா லெட்டர் கொடுத்துவிட்டிருப்பாங்க, சுகாதார மேம்பாட்டு வாரியத்துக்கு அனுப்புற லெட்டராக் கூட இருக்கலாம். பையோட அடியில கசங்கிக் கிடக்குதான்னு பாருங்க, விளையாட்டுக்குச் சொல்லல. இல்லன்னா பாலிகிளினிக்குக்கோ, நல்ல ஆப்டிஷியன்கிட்டயோ கூட்டிட்டுப் போங்க. காதையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

ஒருவேளை பார்வையில ஏதாவது இருந்தா டாக்டர் மெமோ வாங்கிக் கொடுங்க. "என் மகளை முன்னாடி போடுங்க"ங்கிறது வேண்டுகோள், மெமோவோட போனா அது தேவை. ரெண்டையும் ஸ்கூல் ஒரே மாதிரி பாக்காது.

டீச்சர்கிட்ட என்ன கேக்கணும்

பிள்ளைக்கு எந்த இடம்னு தீர்மானிக்கிற உரிமை பெத்தவங்களுக்கு இல்ல தம்பி, அது டீச்சரோட வேலை. 38 பேரோட அப்பா அம்மாவும் ஆளுக்கொரு இடம் கேட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. ஆனா பிள்ளை என்ன அனுபவிக்கிறாங்கிறதைச் சொல்லவும், அதுக்கு என்ன பண்ணலாம்னு கேக்கவும் உங்களுக்கு முழு உரிமை இருக்கு. "பழி வாங்குவாங்க"ங்கிற உங்க மனைவியோட பயம் எனக்குப் புரியுது, அது நம்ம அப்பா அம்மா காலத்துல இருந்து வர்ற பயம். இத்தனை வருசத்துல மரியாதையா வந்து பேசின பெத்தவங்களோட பிள்ளையை டீச்சர் அதுக்கப்புறம் கூடுதலா கவனிச்சதைத்தான் அதிகம் பாத்திருக்கேன். எல்லா இடத்துலயும் அப்படித்தான்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

வாட்ஸ்அப்ல ராத்திரி ரெண்டு மணிக்கு பிரேக்ல உட்கார்ந்து அனுப்பாதீங்க. டீச்சருங்க சொந்த நம்பரைக் கொடுக்கணும்னு கட்டாயம் இல்ல, ஸ்கூல் நேரத்துக்கு அப்புறம் வர்ற மெசேஜுக்குப் பதில் போடணும்னும் இல்லன்னு 2024ல அமைச்சே தெளிவாச் சொல்லியிருக்கு. ஸ்கூல் மெயில்ல எழுதுங்க, இல்ல ஆபீஸுக்குப் போன் பண்ணி நேரம் கேளுங்க. கீழ இருக்கிற மாதிரி எழுதலாம், இங்கிலீஷ்ல மாத்திக்குங்க:

"வணக்கம் டீச்சர். என் மக வீட்டுல சொன்ன ஒரு விஷயத்தை உங்ககிட்ட பகிர்ந்துக்கணும். ஜோடியாப் பேசச் சொல்ற நேரத்துல அவளுக்குப் பேச ஆள் இல்லாம உட்கார்ந்திருக்கிறதாச் சொல்றா. பக்கத்துல இருக்கிற ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிறாங்க. தமிழ் வகுப்புல நல்லா பேசுறான்னு தமிழ் டீச்சர் சொன்னாங்க, அதனால இதை உங்க கண்ணுல நீங்க ஒரு வாரம் பாத்துட்டுச் சொன்னா உதவியா இருக்கும். அடுத்த தடவை இடம் மாத்தும்போது அவளுக்குப் பேசக்கூடிய ஒரு பார்ட்னர் கிடைக்கிற மாதிரி செய்ய முடியுமா?"

இதுல "கடைசி வரிசை"ங்கிற வார்த்தையே இல்ல பாத்தீங்களா? வேணும்னேதான் விட்டேன். முன்னாடி போடுங்கன்னு கேட்டா டீச்சர் முன்னாடி போடுவாங்க, வேற ரெண்டு பேரு நடுவுல. அங்கயும் ஃபைல் அடுக்குவா. நீங்க கேக்க வேண்டியது பேச்சுத்துணை. அது கடைசி வரிசையில கிடைச்சாலும் எனக்குச் சம்மதம். அந்தப் பசங்களைப் பத்திப் புகாரும் இதுல இல்ல, பத்து வயசுப் பசங்க, அவங்களுக்கும் தாங்க என்ன பண்றோம்னு தெரியாது. நெதர்லாந்துல மேல்வகுப்புப் பிரைமரிப் பிள்ளைங்களை வச்சுப் பண்ணி 2012ல வந்த ஆய்வுல, ஒருத்தரை ஒருத்தர் பிடிக்காத பிள்ளைங்களைக் கூட சில வாரம் பக்கம் பக்கமா உட்கார வச்சப்போ கொஞ்சம் பிடிக்க ஆரம்பிச்சதுன்னு பாத்திருக்காங்க. அதனால ரெட் பாட்டிலே பார்ட்னரா வந்தாலும் உடனே வேண்டாம்னு சொல்லிடாதீங்க, அவன் கிண்டல் பண்றவனா இல்லாத வரைக்கும்.

மேசையைக் குழுவாப் போடச் சொல்லலாமான்னும் கேட்டிருந்தீங்க. அதைக் கேக்காதீங்க. குழுவா உட்கார்ந்தா கலந்து பேச நல்லது, ஆனா தனியா உட்கார்ந்து கணக்குப் போடுற நேரத்துல வரிசையில உட்கார்ந்தாத்தான் பிள்ளைங்க அதிகமா வேலையில இருக்காங்கன்னு இங்கிலாந்துல 1980கள்லயே பாத்திருக்காங்க, அதுலயும் கவனம் சிதறுற பிள்ளைங்களுக்கு வித்தியாசம் இன்னும் அதிகம். எந்தப் பாடத்துக்கு எந்த அமைப்புன்னு டீச்சருக்குத் தெரியும், கொரோனா நேரத்துல பரீட்சை மாதிரி தள்ளித் தள்ளி உட்கார வச்சே பாடம் நடத்தினவங்க அவங்க.

ஃபேஸ்புக், அமைச்சு, வேற ஸ்கூல்

ஃபேஸ்புக் வேண்டாம். நான் வக்கீல் இல்ல, ஆனா தெரிஞ்சதைச் சொல்றேன். ஒருத்தரைத் தொல்லைப்படுத்தணும், கலங்கடிக்கணும்ங்கிற எண்ணத்தோட அவர் பேரையோ போட்டோவையோ அடையாளம் தெரியற விவரத்தையோ இணையத்துல போடுறது தொல்லைத் தடுப்புச் சட்டத்துல 2020 ஜனவரியில இருந்து குற்றம். உங்க எண்ணம் அது இல்லன்னு நீங்க சொல்லலாம், ஆனா கோவத்துல எழுதின போஸ்ட்டுக்குக் கீழ 200 பேரு வந்து எழுதுறது உங்க கையில இல்ல. இனம் பத்தின பேச்சா வேற இருக்கிறதால இன்னும் வேகமாப் பரவும். அதைவிடப் பெரிய விஷயம், மறுநாள் காலையில அந்த வகுப்புக்குள்ள நடந்து போகப்போறது நீங்க இல்ல, பாப்பா.

போன்ல போட்டோ எடுத்துட்டு வரச் சொன்னதையும் நீங்களே திரும்ப எடுத்துக்குங்க, "அப்பா சொன்னது தப்பு"ன்னு அவகிட்ட நேராச் சொல்லுங்க. அப்பாவுக்கும் ஸ்கூல் ரூல்ஸுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டுத் தவிச்சு, ரெண்டும் கெடாம ஒரு வழி கண்டுபிடிச்சு படமா வரைஞ்சு கொடுத்த பிள்ளை அது. நான் அவளை நேர்ல பாத்தா ஒரு சபாஷ் போடுவேன்.

அமைச்சுக்கு மெயில் அனுப்புறது தப்பில்ல, ஆனா அது மேல் படி. முதல் படியில ஃபார்ம் டீச்சர், ரெண்டு வாரம் பாத்தும் ஒண்ணும் நடக்கலன்னா அந்த லெவலைப் பாத்துக்கிற இயர் ஹெட், அப்புறம் பிரின்சிபல். பேசினது எந்தத் தேதி, யாரு என்ன சொன்னாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. இப்பவே அமைச்சுக்கு எழுதினா "ஸ்கூல்ல பேசினீங்களா?"ன்னுதான் முதல் கேள்வி வரும், அது சுத்தி மறுபடி அதே டீச்சர்கிட்டதான் வந்து நிக்கும், அதுக்குள்ள டீச்சர் மனசுலயும் ஒரு கசப்பு வந்திருக்கும். ஸ்கூல் கவுன்சிலர்னு ஒருத்தர் ஒவ்வொரு ஸ்கூல்லயும் இருக்காங்க, பாப்பா காலையில வயித்து வலின்னு சொல்லி லீவு போட ஆரம்பிச்சாலோ, தூக்கம் கெட்டாலோ அவங்களை நேராப் பாக்கக் கேளுங்க, அதுக்கு டீச்சரோட அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்ல.

ஸ்கூல் மாத்துறதைப் பத்தி இப்போ பேசவே வேண்டாம். தமிழ் வகுப்புல அவளுக்கு ஒரு கூட்டம் இருக்கு, அதைப் பிடுங்கிடாதீங்க. அந்தக் கூட்டத்துல இவளோட ஃபார்ம் கிளாஸ் பிள்ளைங்க யாராவது இருந்தா ரிசெஸ்ல சேர்ந்து சாப்பிடச் சொல்லுங்க. ரிசெஸ்ல யாரும் யாருக்கும் இடம் ஒதுக்குறதில்ல.

மார்க் விஷயம் ஒண்ணு பாக்கி இருக்கு. ஃபவுண்டேஷன் வந்துடுமோன்னு பயப்படுறீங்க. வருசக் கடைசிப் பரீட்சைக்கு இன்னும் ஒரு டேர்முக்கு மேல இருக்கு, ஸ்கூல் சொல்றதும் பரிந்துரைதான், படிவம் கொடுத்துப் பெத்தவங்க விருப்பத்தையும் கேப்பாங்க. மிட் இயர் பரீட்சையே எடுத்துட்டாங்க, அதனால நீங்க பாத்தது ரெண்டு மூணு சின்னச் சின்ன டெஸ்ட்டோட மார்க். கண்ணு சரியாத் தெரியாம, ஜோடிப் பேச்சுல ஒரு வார்த்தை பேசாம வந்த மார்க்கை வச்சு அவளை எடை போடாதீங்க, டியூஷனுக்கும் அவசரப்பட்டு ஓடாதீங்க.

இந்த வாரம் கண்ணு, அடுத்த வாரம் மெயில். டீச்சருக்குக் கொஞ்சம் டைம் கொடுங்க. தினமும் வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு எங்க உட்கார்ந்த?"ன்னு விசாரிக்காதீங்க, நீங்க நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்புற நேரத்துல அவ சாப்பிட்டுக்கிட்டு இருப்பாளே, அப்போ சும்மா பக்கத்துல உட்காருங்க, அது போதும்.

ஆறு வாரம் கழிச்சு இன்னொரு பேப்பரும் கலர் பென்சிலும் கொடுத்து வகுப்பை மறுபடி வரையச் சொல்லுங்க, ஏன் எதுக்குன்னு சொல்ல வேண்டாம். எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க தம்பி, ரெட் பாட்டிலுக்குப் பேர் வந்துச்சான்னு பாக்கணும்.